ஆராவுடன் வரும் ஒற்றைத் தலைவலி: தடுப்பு மருந்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரா என்பது எது? தலைவலிக்கு முன் வரும் எல்லா அறிகுறிகளும் ஆராதானா?

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, வலிக்கு முன்போ வலியோடு சேர்ந்தோ, நரம்பு சார்ந்த தற்காலிகக் கோளாறு ஒன்றை உணர்கிறார்கள். பெரும்பாலும் அது பார்வையில்தான் தொடங்குகிறது. படித்துக்கொண்டிருக்கும் வரியில் இரண்டு எழுத்துகள் காணாமல் போகும். பிறகு அந்த இடத்தைச் சுற்றிக் கோட்டை மதிலின் பல் வரிசை போன்ற ஒளிக்கோடு மின்னியபடி மெல்ல விரிந்து, பார்வையின் ஓரத்துக்கு நகர்ந்து மறையும். சிலருக்கு விரல் நுனியில் தொடங்கும் மரமரப்பு முழங்கை வழியாக ஏறி உதட்டுக்கும் நாக்குக்கும் வரும். சிலருக்குச் சொல்ல வந்த சொல் வாயில் வராது. ஒவ்வொரு அறிகுறியும் பொதுவாக 5 நிமிடம் முதல் 60 நிமிடம் வரை நீடிக்கும். இதைத்தான் மருத்துவர்கள் ஆரா என்கிறார்கள். முதல் நாளே வரும் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பு தேடும் நாக்கு ஆகியவை வேறு வகை. தமிழில் இரண்டையும் 'முன்னறிகுறி' என்றே எழுதிவிடுவதால் குழப்பம் நேர்கிறது என்பதால் இந்தப் பக்கத்தில் ஆரா என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறோம்.

இதன் காரணம் மூளையின் மேற்பரப்பில் மெதுவாகப் பரவும் ஒரு மின் அலை. உளவியலாளர் கார்ல் லாஷ்லி தமக்கு வந்த ஆராவைத் தாமே வரைந்து அளந்து, அந்தக் கோளாறு மூளைப் புறணியில் நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் நகர்கிறது என்று 1941இல் கணக்கிட்டார். 1944இல் பிரேசில் நாட்டவரான அரிஸ்டிடஸ் லெயாவ், முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் பரவும் அலையைக் கண்டறிந்தார். நரம்பணுக்கள் ஒரு கணம் கொதித்தெழுந்து பின் நெடுநேரம் அடங்கிவிடுவதால்தான் முதலில் மினுக்கமும் அதன் பின்னால் குருட்டுப் புள்ளியும் தோன்றுகின்றன.

ஆரா வருகிறது என்பதாலேயே தினமும் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மட்டும் ஆரா வந்து, வலி மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது என்றால், தினசரி மருந்தின் பக்கவிளைவு நோயைவிடப் பெரிய தொல்லையாக முடியக்கூடும். மாதத்தில் நான்கு நாள்களுக்கு மேல் தலைவலி வருவது, நாள்கள் குறைவாக இருந்தாலும் ஒவ்வொன்றும் வேலையைக் கெடுத்துப் படுக்க வைப்பது, உடனடி நிவாரண மருந்து பயன்படாமலோ உடல்நிலை காரணமாகக் கொடுக்க இயலாமலோ இருப்பது ஆகிய நிலைகளில் தடுப்பு மருந்து பற்றிப் பேசத் தொடங்குவது வழக்கம். ஆரா உள்ளவர்களுக்கு இன்னும் சில காரணங்கள் சேர்கின்றன. ஆரா மிக நீண்டு நிற்பது, ஒரு பக்கக் கை கால் உண்மையிலேயே பலமிழந்துபோவது, பேச்சு குழறுவது ஆகியவை எண்ணிக்கையில் குறைவாக வந்தாலும் அலட்சியப்படுத்தக் கூடாதவை. பேருந்து ஓட்டுபவருக்கோ உயரத்தில் நின்று வேலை செய்பவருக்கோ இருபது நிமிடம் பாதிப் பார்வை போவது, வலியே இல்லாவிட்டாலும், மருந்து தொடங்கப் போதுமான காரணமே.

இந்த மருந்துகள் ஆராவைத் தடுக்கின்றனவா, தலைவலியைத் தடுக்கின்றனவா?

நோயாளிகள் அதிகம் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இது. இன்று கையில் உள்ள தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை தலைவலி நாள்களின் எண்ணிக்கையை வைத்தே சோதிக்கப்பட்டவை. ஆரா உள்ளவர்களும் இல்லாதவர்களும் அந்த ஆய்வுகளில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டார்கள். ஆரா மட்டும் குறைந்ததா என்று தனியே அளந்த ஆய்வுகள் மிகச் சிலவே. எனவே, 'ஆராவுக்கான மாத்திரை' என்று ஒன்றைச் சுட்டிக் காட்டுவது இன்றைய நிலையில் மிகைப்படுத்தலாகவே இருக்கும்.

ஆயினும் சில தடயங்கள் உள்ளன. டோபிராமேட், வால்புரோயேட், புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் ஆகிய ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தடுப்பு மருந்துகளை எலிகளுக்கு வாரக்கணக்கில் கொடுத்தபோது, அவை அனைத்துமே மேலே சொன்ன மின் அலை எழுவதைக் குறைத்தன என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு வேளை மருந்தில் இந்த விளைவு கிட்டவில்லை. தொடர்ந்து கொடுத்தபோதுதான் கிட்டியது. தடுப்பு மருந்து பலன் தர ஏன் வாரங்கள் ஆகின்றன என்பதற்கு இது ஒரு விளக்கம். இதற்கு மறுபக்கமாக, அந்த அலையையே குறிவைத்து உருவாக்கப்பட்ட டோனபெர்சாட் என்ற மருந்து 2009இல் டென்மார்க்கில் சோதிக்கப்பட்டபோது ஆராவின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் தலைவலி நாள்கள் குறையவில்லை. ஆராவும் வலியும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று எண்ணியிருந்தவர்களை அந்த முடிவு யோசிக்க வைத்தது. அம்மருந்து விற்பனைக்கு வரவில்லை.

நடைமுறையில் இதன் பொருள், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் எது உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே. தேர்ந்தெடுக்கும் மருந்து அதற்கேற்ப மாறும்.

எனக்கு இரத்த அழுத்தம் இல்லை. பிறகு ஏன் புரோப்ரனலால் எழுதியிருக்கிறார்?

1960களில் நெஞ்சுவலி நோயாளிகளுக்குப் புரோப்ரனலால் கொடுத்துச் சோதித்தபோது, ஒருவருக்கு நெடுநாளாக இருந்த ஒற்றைத் தலைவலி தற்செயலாகக் குறைந்தது. 1966இல் வெளியான இந்தக் கவனிப்பிலிருந்துதான் இதயத்துக்கான மாத்திரை தலைவலிக்கும் வந்து சேர்ந்தது. பொதுவாக நாளொன்றுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி 80 முதல் 160 வரை உயர்த்துவார்கள். இயல்பான அழுத்தம் உள்ளவர்களும் இதைச் சாப்பிடலாம். ஆனால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், கை கால் குளிர்தல், படியேறும்போது அசதி, தெளிவான கனவுகள் ஆகியவை வரலாம்.

இளைப்பு நோய் (ஆஸ்துமா) உள்ளவர்கள், 'வீசிங்' என்று சொல்லி எப்போதாவது இன்ஹேலர் எடுப்பவர்கள் உட்பட, இதைச் சாப்பிடக் கூடாது. குழந்தைப் பருவத்தில் இளைப்பு இருந்து போய்விட்டது என்றாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வலி வரும்போது ரைசாட்ரிப்டான் எடுப்பவர்கள் புரோப்ரனலால் சாப்பிட்டால் ரைசாட்ரிப்டான் அளவை 5 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும். ஒரு பக்கம் பலமிழக்கும் வகை ஆராவிலும் மிக நீண்ட ஆராவிலும் இம்மருந்தைத் தவிர்க்கும் மருத்துவர்கள் உண்டு. அதற்கான சான்று சில தனிநபர் நிகழ்வுகளோடு நிற்கிறது என்றாலும் வேறு மருந்து இருக்கும்போது அந்த எச்சரிக்கையில் தவறில்லை.

டோபிராமேட் அட்டையில் வலிப்பு நோய் மருந்து என்றிருக்கிறது. எனக்கு வலிப்பு வந்துவிடும் என்று பயப்படுகிறார்களா?

இல்லை. எளிதில் கிளர்ந்தெழும் நரம்பணுக்களை அமைதிப்படுத்துவதே இந்த மருந்தின் வேலை. அந்தக் குணம் இரு நோய்களுக்கும் பொருந்துகிறது. இரவில் 25 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு 25 வீதம் கூட்டி, காலை 50, இரவு 50 என்று நிறுத்துவது வழக்கமான முறை. விரைவாகக் கூட்டினால் பக்கவிளைவு தாங்காமல் பாதியில் விட்டுவிடுவார்கள். விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் சுருசுருவென்ற உணர்வு பலருக்கு வரும். ஆரா உள்ளவர்கள் அதை இன்னொரு ஆரா என்று நினைத்துத் திகைப்பதுண்டு. ஓரிடத்தில் தொடங்கி நகர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்குவது ஆரா. இரு கைகளிலும் நாள் முழுக்க விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் மருந்தின் விளைவு.

சோடா பானங்களின் சுவை கெடுவது, எடை குறைவது ஆகியவை பொறுத்துக்கொள்ளக் கூடியவை. சொற்கள் நினைவுக்கு வராமல் தடுமாறுவது ஆசிரியர்களுக்கும் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் பெரிய இடையூறு. வெயில் கடுமையான ஊர்களில் தண்ணீர் போதாமல் இருந்தால் சிறுநீரகக் கல்லுக்கான வாய்ப்பு கூடும் என்பதால், ஏற்கெனவே கல் வந்தவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். மருந்து தொடங்கிய முதல் மாதத்தில் கண்ணில் கடும் வலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அதை ஆரா என்று எண்ணிப் படுத்திருக்கக் கூடாது; அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஃப்ளூனரிசின் எங்கள் ஊரில் எல்லோருக்கும் எழுதுகிறார்களே?

அமெரிக்காவில் இம்மருந்து விற்பனையில் இல்லை. இந்தியாவிலோ பரவலாக எழுதப்படுகிறது, புரோப்ரனலாலோடு சேர்த்த கலவை மாத்திரையாகவும் கிடைக்கிறது. இரவில் 5 அல்லது 10 மில்லிகிராம் என்பது அளவு. பலன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஒரு பக்கம் பலமிழக்கும் வகை ஆராவிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இது உடலில் வாரக்கணக்கில் தங்கும் மருந்து. தூக்கக் கலக்கமும் எடை கூடுவதும் சாதாரணம். மனச்சோர்வு ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அது திரும்பக்கூடும். முதியவர்களுக்குக் கை நடுக்கம், நடை தளர்ச்சி, முகத்தில் உணர்ச்சி குறைதல் என்று நடுக்குவாதத்தைப் போன்ற விளைவுகள் தோன்றுகின்றன. ஒருமுறை எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாங்கிச் சாப்பிடும் பழக்கம் வேறெந்தத் தடுப்பு மருந்தைவிடவும் இதில்தான் அதிக ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. கலவை மாத்திரையில் ஒரு மருந்தின் அளவை மட்டும் தனியே கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அமிட்ரிப்டிலின் மனநோய் மருந்தா?

மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் அளவு வேறு, இங்கே கொடுக்கப்படும் அளவு வேறு. இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி 25 முதல் 50 வரை செல்வார்கள். தூக்கம் கெட்டவர்களுக்கும், இடைநாள்களில் தலையை இறுக்கிக் கட்டியது போன்ற வலி இருப்பவர்களுக்கும் இது நன்கு பொருந்தும். வாய் வறட்சி, மலச்சிக்கல், காலையில் மந்தம், எடை கூடுதல் ஆகியவை இதற்கான விலை.

கண்டசார்டன் பற்றிக் கேள்விப்பட்டேன். அது என்ன?

இதுவும் அழுத்த மருந்துதான். நாளுக்கு 16 மில்லிகிராம் அளவில் ஒற்றைத் தலைவலியைக் குறைக்கும் என்று நார்வேயில் நடந்த ஆய்வுகள் 2003இலும் பின்னரும் காட்டின. புரோப்ரனலாலுக்கு இது பின்தங்கியதில்லை என்றும் தெரியவந்தது. இளைப்பு நோய் காரணமாகப் புரோப்ரனலால் சாப்பிட முடியாதவர்களுக்கும் அழுத்தம் சற்று உயர்ந்தவர்களுக்கும் ஏற்றது. கர்ப்பத்தில் கூடாது.

லாமோட்ரிஜின் ஆராவுக்கென்றே உள்ள மருந்து என்கிறார்களே?

இந்தப் பெயர் அதற்கு வந்ததற்குக் காரணம் உண்டு. பொதுவான ஒற்றைத் தலைவலியில் சோதித்தபோது இது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. ஆனால் ஆரா அடிக்கடி வருபவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் ஆராவின் எண்ணிக்கையும் நீளமும் குறைந்தன. அந்த ஆய்வுகள் ஒப்பீட்டுக் குழு இல்லாதவை என்பதால் முடிவான சான்று என்று கொள்ள முடியாது. இருந்தும், வலி சிறிதாகவும் ஆரா பெரிதாகவும் இருக்கும் நோயாளிக்கு நரம்பியல் மருத்துவர்கள் பலர் இதை எழுதுவது நியாயமே.

இதில் அவசரமே கூடாது. 25 மில்லிகிராமில் இரண்டு வாரம், 50இல் இரண்டு வாரம் என்று மெல்ல ஏற்றுவதற்குக் காரணம், உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய தோல் ஒவ்வாமை. முதல் எட்டு வாரங்களில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சில நாள்கள் தொடர்ந்து விட்டுப்போனால் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கக் கூடாது. அடியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

புதிதாக வந்துள்ள ஊசி மருந்துகள் எப்படி?

ஒற்றைத் தலைவலியின்போது நரம்பு முனைகளில் சுரக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதக் கூறைத் தடுப்பவை இவை. மற்றவை எல்லாம் வேறு நோய்க்கு உருவாகி இங்கே இரவல் வந்தவை. இந்த வகையோ தலைவலித் தடுப்புக்கென்றே வடிவமைக்கப்பட்டது. எரெனுமாப் 2018 மே மாதத்தில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டில் ஃப்ரெமனெசுமாப், கால்கனெசுமாப் இரண்டும் வந்தன. தோலடியில் மாதம் ஒருமுறை போடுவது பொதுவான முறை. அட்டோஜெபன்ட், ரிமெஜெபன்ட் ஆகியவை மாத்திரை வடிவில் 2021இல் தடுப்புக்கான ஒப்புதல் பெற்றன. ஆரா உள்ளவர்களிலும் தலைவலி நாள்கள் குறைகின்றன. எரெனுமாப் மலச்சிக்கலை உண்டாக்கும், சிலருக்கு அழுத்தத்தை உயர்த்தும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுவோர் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். நம் ஊரில் இவற்றுக்குப் பெரிய தடை விலைதான். மேற்சொன்ன மலிவான மருந்துகளில் இரண்டு மூன்றை உரிய அளவில் பார்த்துவிட்டு இங்கே வருவது பொருத்தம்.

ஆரா உள்ள பெண்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடலாமா? தடுப்பு மருந்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாத்திரை கூடாது. ஆரா உள்ளவர்களுக்கு, இரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இளம் வயதில் அந்த வாய்ப்பே மிகச் சிறியது என்பதால் இரு மடங்கு என்பதும் சிறியதுதான். பயந்து தூக்கத்தை இழக்க வேண்டாம். ஆனால் ஈஸ்ட்ரோஜனும் புகைபிடித்தலும் சேரும்போது அது பெருகுகிறது. எனவேதான் உலக சுகாதார அமைப்பு, ஆரா உள்ள எந்த வயதுப் பெண்ணுக்கும் இந்தக் கலவை மாத்திரையை முற்றிலும் தவிர்க்க வேண்டிய நான்காம் பிரிவில் வைத்திருக்கிறது. அரசு வழங்கும் மாலா-என், கடையில் கிடைக்கும் மாலா-டி இரண்டும் ஈஸ்ட்ரோஜன் கலந்தவையே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றைக் கேட்கும்போது தலைவலி என்று மட்டும் சொல்லாமல், கண்ணில் மினுக்கம் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காப்பர்-டி, ஆணுறை, ஈஸ்ட்ரோஜன் இல்லாத சாயா மாத்திரை ஆகியவை பற்றி அங்கேயே கேட்கலாம்.

தடுப்பு மருந்தோடு இதற்குள்ள தொடர்பு இரண்டு வகை. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு வால்புரோயேட்டை ஒற்றைத் தலைவலிக்காகக் கொடுக்கவே கூடாது. கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறையும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடும் நேர்கின்றன. டோபிராமேட் உதட்டுப் பிளவு, குறைந்த பிறப்பு எடை ஆகியவற்றோடு தொடர்புடையது. 2024இல் பிரிட்டன், நம்பகமான கருத்தடை இல்லாமல் பெண்களுக்கு இதைத் தரக் கூடாது என்று விதித்தது. திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் பெண்ணின் மாத்திரையை ஒளித்து வைக்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததே. திருமணத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்வதுதான் உண்மையான பாதுகாப்பு. கர்ப்பத்தில் பலருக்கு வலி தானாகவே குறையும், ஆரா மட்டும் தொடரலாம்.

பக்கவாதம் வராமலிருக்கத் தினமும் ஆஸ்பிரின் போடலாமா? இதயத்தில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டுமா?

ஆரா இருப்பது மட்டுமே ஆஸ்பிரினுக்குக் காரணமாகாது. வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படுத்தும் மருந்து அது. அழுத்தம், சர்க்கரை, புகை ஆகியவற்றைக் கவனிப்பது அதைவிடப் பயனுள்ளது. பிறக்கும்போது மூடாமல் நின்றுவிட்ட இதயத் துளை ஆரா உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் அதை அடைத்துப் பார்த்த மூன்று பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளும் 2008, 2016, 2017 ஆண்டுகளில் தங்கள் முதன்மை இலக்கை எட்டவில்லை. தலைவலிக்காக மட்டும் அந்தச் சிகிச்சைக்குச் செல்வதற்கு அடிப்படை இல்லை.

மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன், மாற்றம் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். உரிய அளவை எட்டிய பிறகு இரண்டு மாதமாவது பார்க்க வேண்டும். ஊசி மருந்துக்கு மூன்று மாதம். தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தாலே மருந்து வென்றது என்று கணக்கு. ஒன்றுகூட வரக் கூடாது என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாக வேலை செய்த மருந்தைத் தோற்றதாக ஒதுக்கிவிடுகிறார்கள். இதற்காகத்தான் ஒரு குறிப்பேடு வேண்டும். நாள்காட்டித் தாளில் தலைவலி நாளுக்கு ஒரு குறி, ஆராவுக்கு வேறொரு குறி, மாத்திரை எடுத்த நாளுக்கு ஒரு புள்ளி போதும். பலன் கிடைத்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடர்ந்து, பின் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்கலாம். புரோப்ரனலாலைச் சட்டென நிறுத்தினால் படபடப்பும் அழுத்த உயர்வும் வரும். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்ற அச்சம் பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

தடுப்பு மருந்து எடுத்தும் தலைவலி கூடிக்கொண்டே போவது ஏன்?

முதலில் வலி மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையும், 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டான் (ரைசாட்ரிப்டான் போன்ற உடனடி நிவாரண மருந்து) அல்லது எர்கோட்டமின் கலந்த மாத்திரையும் மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் பலர் வாங்கும் தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் எர்கோட்டமினும் காஃபினும் சேர்ந்திருக்கின்றன. டிரிப்டானை ஆரா தொடங்கியதுமே விழுங்குவதாலும் பயனில்லை, அது ஆராவைச் சுருக்காது. வலி தொடங்கும்போது எடுப்பதே முறை.

மெக்னீசியம், வைட்டமின் மாத்திரைகள் போதுமா?

லேசான நிலையில் முயன்று பார்க்கலாம். ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) நாளுக்கு 400 மில்லிகிராம் என்ற அளவில் மூன்று மாதம் எடுத்தபோது பலன் கண்ட ஆய்வு உண்டு. சிறுநீர் பளிச்சென மஞ்சளாகும், அவ்வளவே. மெக்னீசியம் வயிற்றுப்போக்கைத் தரலாம்; சிறுநீரகம் பாதித்தவர்கள் எடுக்கக் கூடாது.

எப்போது இதை ஆரா என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது?

வாழ்வில் முதன்முறையாக ஐம்பது வயதுக்குப் பின் வந்தால். மெல்லப் பரவாமல் ஒரே நொடியில் பார்வையோ பேச்சோ கை கால் பலமோ போனால். ஒரு மணி நேரத்தைக் கடந்தும் விலகாவிட்டால். இடி விழுந்தாற்போல் தலைவலி உச்சத்தில் தொடங்கினால். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் புதிதாக வந்தால். இவற்றில் எது நேர்ந்தாலும் 108க்கு அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தடுப்பு மருந்தின் அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும், ஏனெனில் அங்கே கேட்கப்படும் முதல் சில கேள்விகளில் அதுவும் ஒன்று.